ஊசியா, ஸ்லீவா, பைபாஸா? 15 வயதில் 130 கிலோ என்றால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, 15 வயதில் 130 கிலோவைத் தொட்டுவிட்ட பிள்ளையின் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். "வளர்ற பிள்ளை, தானா இளைச்சிரும்" என்பார் பாட்டி. "ஜிம்ல சேர்த்து விடுங்க" என்பார் மாமா. எடை குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவை சிகிச்சை (ஸ்லீவ் அல்லது பைபாஸ்) என்று யாராவது வாயைத் திறந்தால், "18 ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பேச்சு அடங்கிவிடும். நிதானமான பதில் போலத்தான் கேட்கிறது. கணக்குப் போட்டால், இருக்கிற வழிகளில் ஆபத்து அதிகமான வழி அதுவாகவும் இருக்கக்கூடும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உடம்பை வைத்துப் பேசுவோம். உயரம் 170 செ.மீ., எடை 130 கிலோ. 1.7-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2.89, 130-ஐ அதால் வகுத்தால் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 45. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் 2023 வழிகாட்டுதல்படி, 13 வயதுக்கு மேல் பிஎம்ஐ 40-ஐத் தாண்டினாலோ, 35-ஐத் தாண்டி அதனோடு சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல், உயர் ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு போன்ற ஒன்று இருந்தாலோ அறுவை சிகிச்சை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். சிறு வயதினருக்கு இந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும். வயதுக்குரிய 95ஆம் சதமானத்தின் (அதே வயதில் 100-க்கு 95 பேரின் பிஎம்ஐ இதற்குக் கீழே இருக்கும்) 120%, 140% என்ற கணக்கில் 15 வயதுப் பையனுக்கு அது சுமார் 32-உம் 37.5-உம், பெண்ணுக்குச் சுமார் 34-உம் 39-உம். இரண்டு கணக்கில் எது குறைவோ அதுதான் செல்லும். மதிப்பீட்டுக்கு அனுப்புவது வேறு, மேசையில் படுக்க வைப்பது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். எலும்பு வளர்ச்சி முடியட்டும், பருவமடைதல் முடியட்டும் என்று காத்திருக்கும் பழைய நிபந்தனையை இன்றைய வழிகாட்டுதல்கள் கைவிட்டுவிட்டன.

காத்திருப்பதன் விலை

பதின்ம வயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், 50 வயதில் வருவதைவிட முரட்டுத்தனமானது. மாத்திரைக்குச் சீக்கிரம் கட்டுப்படாமல் போகும். இந்த நோய் வந்த இளைஞர்களை அமெரிக்காவில் நீண்டகாலம் பின்தொடர்ந்த 'டுடே' ஆய்வில், சராசரி 26 வயதுக்குள்ளேயே 60% பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஒன்றாவது பாதிக்கப்பட்டிருந்தது. இதே நோயுள்ள இரு கூட்டத்தை இரண்டு வருடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.8-லிருந்து 5.5-ஆக இறங்கியது. மருந்தில் மட்டும் இருந்தவர்களுக்கு 6.4-லிருந்து 7.8-ஆக ஏறியது. குடும்பத்தில் அம்மா, அப்பா, தாத்தா என்று எல்லாருக்கும் 'சுகர்' இருக்கும் டர்பன் வீடுகளில் இந்த எண்களை லேசாகக் கடந்துபோக முடியாது. ஒரு காலின் விரல்கள் போன தாத்தா பெரும்பாலும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

உணவும் உடற்பயிற்சியும் மட்டும்

இதை முதலில் முயல வேண்டுமா? கட்டாயம் வேண்டும். ஆனால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து முயல வேண்டும். மூன்று முதல் 12 மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரம் நேரடிப் பயிற்சி, ஆலோசனை என்று முறையாக நடத்தினால்தான் இந்த வழி பலன் தரும். ஊட்டச்சத்து நிபுணரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பது அந்தக் கணக்கில் சேராது.

கடுமையான உடல் பருமனில் அந்த 26 மணி நேரமும் போதாது. ஸ்வீடனில் பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்த, 13 முதல் 16 வயது வரையிலான 50 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 2023-இல் வந்த முடிவு இது: அறுவை செய்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் பிஎம்ஐ 12.6 குறைந்தது. தீவிர உணவு, பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு 0.2 குறைந்தது. இது சோம்பேறித்தனமோ வாய்க்கட்டு இல்லாமையோ அல்ல. எடை இறங்கினால் உடம்பு பசி ஹார்மோனைக் கூட்டும், எரிக்கும் சக்தியைக் குறைக்கும், இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். பிள்ளையைத் திட்டி ஒரு கிலோவும் குறையாது.

கரும்பு வெட்ட 1860-இல் நேட்டாலுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் 2018 ஏப்ரலிலிருந்து குளிர்பானத்துச் சர்க்கரைக்கு வரி கட்டுகிறார்கள்: 100 மி.லி.யில் 4 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட் என்று தொடங்கிய வரி. வரி வந்தும் இரண்டு லிட்டர் பாட்டில் ஞாயிற்றுக்கிழமை மேசையை விட்டுப் போகவில்லை. எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும் முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் பாட்டிலைத்தான்.

வார ஊசி

பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் ஊசியை 12 முதல் 17 வயதுள்ள 201 பேரிடம் சோதித்த முடிவு 2022-இல் வந்தது. 68 வாரத்தில் பிஎம்ஐ 16.1% குறைந்தது, மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு 0.6% ஏறியது. நம் உதாரணத்தில் 45 என்பது சுமார் 38 ஆகும். அரைகுறைப் பலன் என்று ஒதுக்க முடியாது. ஆனால் 38-உம் கடுமையான பருமன்தான். பிஎம்ஐ 34, 35 என்று இருப்பவருக்கு இதே ஊசி நிலைமையையே மாற்றிவிடும்.

அளவு படிப்படியாக ஏறும்: 0.25 மி.கி., 0.5, 1, 1.7, கடைசியில் 2.4, ஒவ்வொன்றும் நான்கு வாரம். முழு அளவை எட்டவே 16 வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் வாந்தியில் கொண்டுபோய் விடும். அந்த ஆய்விலேயே 62% பேருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லை இருந்தது. 4% பேருக்குப் பித்தப்பைக் கல் வந்தது. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் குப்பைதான். மின்வெட்டு நாளில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பொட்டலத்தோடு ஒட்டி வைப்பவர்கள் செய்யும் தவறு அதுதான்.

ஊசியின் மெய்யான சிக்கல் வேறு. நிறுத்தினால் எடை திரும்பும். அதனால் "ஆறு மாதம் போட்டுப் பார்ப்போம்" என்று தொடங்குவதில் பொருளில்லை. மாதச் செலவை ஐந்து வருடத்துக்குப் பெருக்கி, அந்தத் தொகையைக் குடும்பம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். விலை தாங்காமல், யாரோ கலந்து தரும் மலிவான குப்பிக்கு மாறுவது ஆபத்து. சாப்ராவில் (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம்) பதிவான மருந்து, பதிவான மருந்தகம், அவ்வளவுதான்.

ஸ்லீவும் பைபாஸும்

இரண்டும் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகச் செய்யப்படுபவை. உள்ளே நடப்பதுதான் வேறு.

ஸ்லீவில், தடித்த குழாய் ஒன்றை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவுகோலாக வைத்து, இரைப்பையின் வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாக ஸ்டேப்ளர் பின் அடித்து வெட்டி எடுத்துவிடுவார்கள். சுமார் 75 முதல் 80% போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசி ஹார்மோன் கிரெலின் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் வெட்டிய துண்டோடு போய்விடுவதால் பசியும் அடங்கும். குடலைத் தொடுவதில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பைபாஸில் எதையும் வெட்டி எறிவதில்லை. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே இழுத்து அதில் இணைப்பார்கள். பழைய இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் சாப்பாட்டைப் பார்ப்பதே இல்லை. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடம் அந்த முதல் பகுதி. பைபாஸில் குறைபாடுகள் கூடுவதன் காரணம் அதுதான்.

எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் 'டீன்-லேப்ஸ்' ஆய்வில் மூன்று வருட முடிவில் எடை பைபாஸில் 28%, ஸ்லீவில் 26% குறைந்திருந்தது. பத்து வருட முடிவு 2024-இல் வந்தது: பிஎம்ஐ இறக்கம் பைபாஸில் 20.6%, ஸ்லீவில் 19.2%. அதாவது நம் உதாரணத்தில் 130 கிலோ, மூன்றாம் வருடம் சுமார் 95 கிலோ. பத்தாம் வருடம் ஏறத்தாழ 104. ஒல்லியான உடம்பு யாருக்கும் வாக்களிக்கப்படவில்லை. மறுபக்கம், மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்களில் 95% பேருக்கும், பத்து வருடத்திலும் 55% பேருக்கும் நோய் விலகியே இருந்தது. எங்கள் பார்வையில் அறுவைக்கான வலுவான நியாயம் கண்ணாடியில் தெரிவதில் இல்லை, இந்த எண்ணில்தான் இருக்கிறது.

எதைத் தேர்வது? பெரும்பாலான பதின்ம வயதினருக்கு ஸ்லீவ். நேரம் குறைவு, குடல் இணைப்பு இல்லை, பிற்காலத்தில் தேவைப்பட்டால் பைபாஸாக மாற்றவும் முடியும். விதிவிலக்கு நெஞ்செரிச்சல். இரைப்பை ஒடுங்கிய குழாயாகிவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். ஏற்கெனவே கடுமையான எதுக்களிப்பு உள்ள பிள்ளைக்கு ஸ்லீவ் செய்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. அவருக்குப் பைபாஸ்தான் பொருத்தம். இரைப்பையைச் சுற்றிப் போடும் சிலிக்கான் வளையத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இடம் நழுவுவதும் மறு அறுவையும் அதிகம் என்பதால் அது கைவிடப்பட்டு வருகிறது. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடும், எடை உள்ளே வந்துவிடும்.

எங்கே தவறுகிறது

முதல் வாரத்தில் பயப்பட வேண்டியது கசிவு. ஸ்லீவில் பின் அடித்த கோட்டின் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அது பெரும்பாலும் வரும். முதல் அறிகுறி வலியாக இருக்க வேண்டியதில்லை. நாடித்துடிப்பு ஓய்விலும் 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், அறுவை செய்த குழுவுக்கே போன் செய்ய வேண்டும். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு விடிய விடியக் காத்திருக்கக் கூடாது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதும் அந்த வாரங்களின் ஆபத்து. அதனால்தான் அன்று மாலையே நடக்கச் சொல்கிறார்கள்.

அடுத்த சில வாரங்களில் வாந்தி. ஒரு வாய் கூட உள்ளே நிற்காமல் வாந்தி தொடர்ந்தால் தையமின் (பி1) தீர்ந்துபோகும். கண் இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். அவசரப் பிரிவில் முதலில் தையமின், பிறகுதான் குளுக்கோஸ் டிரிப். வரிசை மாறினால் மூளைக்குச் சேதம் வரலாம். பெற்றோர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

பைபாஸ் செய்தவருக்கு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் குடல் உள்ளுக்குள்ளேயே ஒரு இடுக்கில் சிக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் பிடித்துப் பிடித்து வலிக்கும், பிறகு விட்டுவிடும். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது. இணைப்பில் புண் வருவது இன்னொன்று. புகையும் வலிநிவாரணிகளும் அதன் நண்பர்கள். ஹப்ளியும் (ஹூக்கா) புகைதான். தலைவலிக்கு எடுக்கும் கிராண்ட்பா பவுடரிலும் டிஸ்பிரினிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. அந்த வீட்டில் பாரசிட்டமால் மட்டும் இருக்கட்டும்.

மறு அறுவைக்கும் தயாராக இருக்க வேண்டும். டீன்-லேப்ஸில் மூன்று வருடத்துக்குள் 13% பேருக்கு வயிற்றுப் பகுதியில் இன்னொரு சிகிச்சை தேவைப்பட்டது. பித்தப்பை எடுப்பதும் அதில் அடக்கம். வேகமாக எடை இறங்கும் முதல் ஆறு மாதத்துக்கு உர்சோடியால் மாத்திரை கொடுத்தால் கல் உருவாவது குறையும்.

மாத்திரை டப்பா

அதே மூன்று வருடத்தில் 57% பேருக்கு இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தது. மாதவிடாய் வரும் பெண்ணுக்குத் தினமும் 45 முதல் 60 மி.கி. இரும்பு, எல்லோருக்கும் கால்சியம் 1200 முதல் 1500 மி.கி., வைட்டமின் டி 3000 யூனிட், பி12 350 முதல் 1000 மைக்ரோகிராம், கூடவே பல வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை. கால்சியத்தை ஒரே வேளையில் விழுங்கினால் வீண், 500 அல்லது 600 ஆகப் பிரிக்க வேண்டும். அதற்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். இரும்போடு பால் டீ கூடாது.

கேட்க எளிது. 16 வயதில், பள்ளிக்கு ஏழு மணிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு இது எளிதில்லை. காலை இரும்பு, பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு கால்சியம், இரவு உணவோடு இன்னொன்று, படுக்கும் முன் மற்றொன்று என்று வாரப் பெட்டியில் போட்டு வைத்தால் ஓரளவு நடக்கும். அறுவைக்கு முன்பே மூன்று மாதம் இதை ஒத்திகை பாருங்கள். அப்போதே நழுவினால், பிறகு கட்டாயம் நழுவும். ஒத்திகையில் தேறாத பிள்ளைக்குப் பைபாஸைப் பரிந்துரைக்க எங்களுக்குத் தயக்கம் உண்டு.

தட்டில் என்ன

அறுவைக்கு முன் இரண்டு வாரம், 800 முதல் 1000 கலோரிக்குள் ஒரு உணவு. நோக்கம் கல்லீரலைச் சுருக்குவது. கொழுத்த கல்லீரல் இரைப்பையை மறைத்துக்கொண்டால் அறுவையே நின்றுபோகலாம். "ஆபரேஷனுக்கு முன்னாடி கடைசியா ஒரு பன்னி சௌ" என்று ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு நிரப்பிய அந்தப் பண்டத்தோடு விடைபெறும் வழக்கத்தை அந்த இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளட்டும்.

பிறகு இரண்டு வாரம் திரவம், இரண்டு வாரம் மசித்தது, இரண்டு வாரம் மென்மையானது, அப்புறம் திட உணவு. மூன்றாம் மாதத்தில் ஒரு வேளைக்கு அரை கப்தான் போகும். தினமும் 60 கிராமாவது புரதம் வேண்டும். அரை கப் கெட்டிப் பருப்பு சுமார் 9 கிராம், ஒரு முட்டை 6, ஒரு கப் அமாசி (புளித்த பால்) 8, தக்காளிச் சாறில் வரும் டின் மீன் 100 கிராமில் 18. சோறு முதலில் என்ற பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்: மீன் முதலில், காய் அடுத்து, இடமிருந்தால் இரண்டு கரண்டி சோறு. வெள்ளை ரொட்டி மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும், நார் நாரான மட்டனும் அப்படியே. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி இடைவெளி விட்டு நாள் முழுக்க ஒன்றரை லிட்டர்.

புரட்டாசி வந்தால் மீனும் முட்டையும் போய்விடும். அந்த மாதத்துக்கு சோயா மின்ஸ், சுகர் பீன்ஸ் (உலர் பீன்ஸ் பயறு), பனீர், அமாசி, மோர்ப்புரதப் பொடி என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். காவடிக்கு விரதம் இருக்கலாம், சைவமாக. வெறும் வயிற்றோடு வெயிலில் நடப்பது முதல் வருடத்தில் வேண்டாம்.

பெண் பிள்ளையிடம் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று. எடை இறங்கினால் ஒழுங்கற்ற மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். முதல் 12 முதல் 18 மாதத்துக்குக் கர்ப்பம் கூடாது. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. அம்மா பேசத் தயங்கினால் மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

கையெழுத்தும் பணமும்

தென்னாப்பிரிக்கக் குழந்தைகள் சட்டத்தின் (2005) 129ஆம் பிரிவுப்படி, 12 வயது தாண்டிய, புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள பிள்ளை அறுவைக்குத் தானே சம்மதம் தரலாம், பெற்றோர் அல்லது காப்பாளர் துணையோடு. பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். வற்புறுத்திச் செய்த அறுவையில் மாத்திரை டப்பா திறக்கப்படுவதே இல்லை.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் இது. சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உண்டு. உடல் பருமன் அதில் இல்லை. மாத்திரைக்குப் பணம் தரும் அதே திட்டம் அறுவைக்கு மறுக்கலாம். இதற்காகவே புதுத் திட்டத்தில் சேர்ந்தால் மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாத விலக்கும் விழக்கூடும். வயது வரம்பு, முன் அனுமதி, கைக்காசு எவ்வளவு, சிக்கல் வந்து மறு அறுவை என்றால் யார் கட்டுவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சத்து மாத்திரைகள் பெரும்பாலும் சொந்தக் காசு. அரசு வழியில் உள்ளூர் கிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடம் மிகக் குறைவு, வரிசை நீளம்.

தேதி குறிக்கும்போது மெட்ரிக் (12ஆம் வகுப்பு) வருடத்தைத் தவிர்க்கவும். டிசம்பர் விடுமுறை நீளமானதுதான், ஆனால் மாத நடுவில் சிகிச்சைக் குழுவினரும் விடுப்பில் போய்விடுவார்கள். கசிவு கிறிஸ்துமஸைப் பார்த்து வராது. பத்தாம், பதினோராம் வகுப்பின் ஜூன்-ஜூலை விடுமுறை பொருத்தமானது. ரத்தப் பரிசோதனை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. பிள்ளை கேப்டவுனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ படிக்கப் போகும்போது, அறுவையின் பெயரும் தேதியும் எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருக்கட்டும். 'தையமின் முதலில், ஆஸ்பிரின் கூடாது' என்ற இரண்டு வரியும் அதில் வேண்டும்.